பவர் டில்லரும் என் முழங்கையும்

கண்ணா,

இந்தக் கடிதத்தை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ சென்னையிலிருந்து திரும்பி வந்து, பையை வாசலில் போட்டுவிட்டு, வழக்கம்போல "வாம்மா" என்று கட்டிலுக்குப் பக்கத்தில் குனியும்போது உன் கண் முன்னாலேயே செய்து காட்டி, நீ வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தேன். யாருக்கும் மூச்சு விடக் கூடாது என்று உங்கப்பாவிடம் சத்தியம்கூட வாங்கியிருந்தேன். நேற்று சாயங்காலம் போன் பண்ணி நீ எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாய். உங்கப்பா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "திங்கக்கிழமை காலைல அந்தக் கம்பெனிக்குப் பதில் சொல்லணும்ப்பா. வரலைன்னு சொல்லிடப் போறேன். நான் குஜராத்துக்குப் போயிட்டா அம்மாவை யாரு தூக்குவாங்க?" என்றாய். உங்கப்பா என்னைப் பார்த்தார். நான் கண்ணை உருட்டினேன். மனுஷன் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு, "சரிப்பா, உன் இஷ்டம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். நான் உருட்டியது 'சொல்லித் தொலையுங்கள்' என்று. முப்பது வருடம் குடும்பம் நடத்தியும் அவருக்கு என் கண் பாஷை புரியவில்லை.

நீ அப்படிக் கேட்ட நேரத்தில் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? வீல்சேரில். கட்டிலிலிருந்து என்னை அதில் யாரும் தூக்கி வைக்கவில்லை. நானே மாறி உட்கார்ந்தேன். உங்கப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். சேதி இதுதான், சொல்லிவிட்டேன். மீதியை நீ பொறுமையாகப் படிக்கலாம். ஆனால் திங்கட்கிழமைக்குள் படித்து முடி.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். சொன்னால் நீ நம்பமாட்டாய். உன்னை வேலைக்கு அனுப்புவதற்காக நானும் உங்கப்பாவும் சேர்ந்து நாடகம் ஆடுகிறோம் என்பாய். ஆடக்கூடியவர்கள்தான் நாங்கள், அதையும் ஒத்துக்கொள்கிறேன். வீடியோ எடுத்தோம். எடுத்தது உங்கப்பா. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை அவருடைய கட்டைவிரல்தான் தெரிகிறது, பின்னால் நான் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்கிறது. அதனால் எழுதுகிறேன். விரல்கள் இன்னும் பழையபடி மடங்குவதில்லை. உள்ளங்கையில் மாட்டிய பட்டையில் ஒரு குச்சியைச் செருகிக்கொண்டு போனில் எழுத்து எழுத்தாகத் தட்டுகிறேன். இதை உனக்கு மட்டும் அனுப்பாமல், தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கான நம் வாட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறேன். அங்கே புதிதாக வந்து சேர்ந்திருக்கும் அம்மா அப்பாக்களும் பிள்ளைகளும் படிக்கட்டும். அத்தனை பேர் படித்த பிறகு, நான் பார்க்கலையேம்மா என்று உன்னால் தப்பிக்கவும் முடியாது.

குழுவில் என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் திருவண்ணாமலையில் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவள். நான் விசில் ஊதினால் அடி அண்ணாமலையில் இருக்கிற எங்கள் வீடு வரைக்கும் கேட்கும் என்று பிள்ளைகள் கேலி பண்ணுவார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள் வேங்கிக்காலில் விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு என் மகனோடு பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். குறுக்கே ஒரு நாய் ஓடியது. அவன் பிரேக் பிடித்தான். நான் மல்லாக்க விழுந்தேன். கழுத்து எலும்பு உடைந்து உள்ளே இருக்கிற தண்டுவடம் நசுங்கியது. முழுசாக அறுந்துபோகவில்லை, நசுங்கியதோடு நின்றது. அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று அப்போது எனக்குத் தெரியாது.

மிஞ்சியது என்ன என்று கணக்கெடுத்தால், தோள் அசைந்தது. முழங்கை மடங்கியது. மணிக்கட்டு லேசாகத் தூக்கியது. கால் வேலை செய்யவில்லை, விரல் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சலூட்டியது முழங்கைதான். மடங்கும், ஆனால் நீளாது. மேல்கையின் பின்பக்கம் இருக்கிற தசைதான் கையை நீட்டுவது. எனக்கு பிசியோ பண்ணுகிற சுகந்தி அதை டிரைசெப்ஸ் என்பாள். எனக்கு அந்தத் தசையில் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். படுத்துக்கொண்டு கையைத் தூக்கினால் அது மடங்கி என் மூஞ்சியிலேயே வந்து விழும். முதல் வருடம் முழுக்க நான் என் கையாலேயே அடி வாங்கினேன். நீட்ட முடியாத கையால் ஊன்ற முடியாது. ஊன்ற முடியாவிட்டால் உடம்பைத் தூக்கி ஒரு விரற்கடை நகர்த்த முடியாது. கட்டிலிலிருந்து சேர் ஒரு முழம்தான். அந்த ஒரு முழத்துக்குத்தான் தினமும் நீ வேண்டியிருந்தாய்.

நீ ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, அதைச் சொல்லாவிட்டால் எனக்கு வாய் அழுகிவிடும். காலையில் எழுந்ததும் என் அக்குளுக்குக் கீழே கை கொடுத்து, "ரெடியாம்மா?" என்று கேட்டுத் தூக்குவாய். மறுபடியும் சாயங்காலம் அப்படியே கட்டிலுக்கு. உங்கப்பாவுக்கு இடுப்பு சரியில்லை, அவரால் தூக்க முடியாது. ஆரல்வாய்மொழியில் காற்றாலையில் வேலை பழகிக்கொண்டிருந்தவன் அதை விட்டுவிட்டு வந்தாய். அந்த உயரத்திலிருந்து நீ எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாய், ஹெல்மெட்டுக்குக் கீழே பல் மட்டும் தெரிகிற மாதிரி. அதற்குப் பிறகு உன் முகத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. குஜராத் கம்பெனி கூப்பிட்டது, தள்ளிப்போட்டாய். மறுபடியும் கூப்பிட்டார்கள், மறுபடியும் தள்ளிப்போட்டாய். இப்போது சென்னைக்கு அந்த உயரம் ஏறுகிற பயிற்சிக்குப் போகும்போதுகூட, "பயிற்சியை மட்டும் முடிச்சு வைக்கிறேம்மா, சேர்றதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றுதான் கிளம்பினாய். உன் ஒன்றுவிட்ட அண்ணன் வந்து இந்த மூன்று வாரமும் என்னைத் தூக்குவதாக ஏற்பாடு. ஏற்பாடு என்றா சொன்னேன், அந்தப் பையன் இந்தப் புதன்கிழமையோடு வருவதை நிறுத்தினான். நான்தான் நிறுத்தினேன். காரணத்தைக் கேள்.

பிசியோ சென்டரில் சுகந்தி ஒரு புது வேலை ஆரம்பித்திருந்தது உனக்குத் தெரியும், ஆனால் அப்போது நீ அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குழுவில் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன், சுகந்தி போளூர்ப் பெண், வயது முப்பதுகூட இருக்காது, ஆனால் அவள் அதட்டினால் நானே நிமிர்ந்து உட்காருவேன். அவள் கையில் முடி வெட்டுகிற மெஷின் அளவுக்கு ஒன்று. முனையில் ரப்பர் குமிழ். சுவிட்சைப் போட்டால் குமிழ் விர்ரென்று அதிரும். என் கையை மேசைமேல் மடக்கி வைத்து, முழங்கைக்குச் சற்று மேலே பின்பக்கத்தில் அந்தக் குமிழை வைத்தாள். "இப்ப நீட்டப் பாருங்க டீச்சர். மெஷின் பாட்டுக்கு வேலை செய்யும்னு சும்மா இருந்துடாதீங்க, நீங்களும் சேர்ந்து முயற்சி பண்ணணும்" என்றாள். நான் நம்பிக்கையில்லாமல்தான் முயன்றேன். கண்ணா, என் கை நகர்ந்தது. மேசைமேல் வைத்த கை சரக்கென்று ஒரு நோட்டுப் புத்தகத்தின் அகலத்துக்கு வெளியே போயிற்று. நான் சுகந்தியைப் பார்த்தேன். "நீதானே தள்ளின?" என்று கேட்டேன். அவள் இன்னொரு கையைத் தூக்கிக் காட்டினாள். அவள் என்னைத் தொடவே இல்லை.

அது எப்படி என்று கேட்டேன். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். தசைக்குள்ளே இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிற உணர்வு முனைகள் இருக்கின்றனவாம். அதிர்வு பட்டதும் அவை, இழுக்கிறாங்க இழுக்கிறாங்க என்று தண்டுவடத்துக்குச் சேதி அனுப்பும். தண்டுவடம் உடனே, இறுக்கிப் பிடி என்று திருப்பி உத்தரவு போடும். அதே நேரத்தில் மேலே மூளையிலிருந்து நானும் 'நீள்' என்று சொன்னால், நசுங்கிய வழியில் மெலிந்து வருகிற என் குரலுக்கு இந்தப் பக்கத்து உத்தரவு துணைக்கு நிற்கும். தசை வேலை செய்யச் செய்யத்தான் பலம் ஏறும். இதைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மைதானத்தின் கடைசி மூலையில் நிற்கிற பிள்ளைக்கு என் குரல் கேட்காவிட்டால் நடுவில் நிற்கிறவளிடம் சொல்லச் சொல்லுவேனே, அதேதான். "ஆனா டீச்சர், இது மந்திரம் கெடையாது. எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. உங்களுக்கு அந்தத் தசையில கொஞ்சமாவது உயிர் இருக்கு, அதான் வச்சுப் பார்க்கறேன். தலை வலிச்சாலோ, வேர்த்தாலோ உடனே சொல்லணும்" என்றாள். இதைக் குழுவில் எல்லாரும் இரண்டு தடவை படியுங்கள். ஏனென்றால் அடுத்து வரப்போவது எங்கள் வீட்டுக் கூத்து.

நீ கிளம்பிய மறுநாள் உங்கப்பா என்னோடு சென்டருக்குள் வந்து அந்த மெஷினைப் பார்த்தார். திரும்பி வருகிற வழியெல்லாம் ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவர் யோசித்தால் வீட்டில் ஏதாவது ஒன்று உடையும். வீட்டுக்கு வந்து மோர் குடித்துவிட்டு, "இன்னா டீச்சர், இம்மாத்தூண்டு மெஷின்லயே இவ்ளோ ஆவுதுன்னா, நம்ம டில்லர் இருக்கே" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தன் சட்டைக் கையை மடித்துக் காட்டி, "எத்தினி வருஷமா டில்லர் புடிச்ச கை இது, பாரு எப்படிக் கீது. இதுக்கு இன்னா காரணம்? அந்த உதறல்தான்" என்றார். சொன்னால் வெட்கம், எனக்கும் அது நியாயமாகப் பட்டது. கம்மியாக வைத்தால் கொஞ்சம் நீளும், ஜாஸ்தியாக வைத்தால் நிறைய நீளும். பி.டி. டீச்சர் மூளை, வேறு எப்படிப் போகும்?

மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் டில்லர் நின்றது. வீல்சேரை அதன் கைப்பிடிக்கு நேராகத் தள்ளிக்கொண்டு போய் பிரேக் போட்டார். என் விரல் பிடிக்காது என்பதால் இரண்டு கையையும் கைப்பிடியோடு சேர்த்துத் துண்டால் கட்டினார். அடுத்த வீட்டு அலமேலு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "டீச்சர் உழவு ஓட்டவா போறாங்க?" என்று கேட்டாள். உங்கப்பா வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். அப்பப்பா, அதை என்னவென்று சொல்வேன். பல்லோடு பல் அடிக்கிறது, கண் முன்னால் மலை இரண்டு மலையாகத் தெரிகிறது, கால் இரண்டும் தானாக உதைக்க ஆரம்பித்துவிட்டது. முதல் நிமிஷம் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அப்புறம் தலைக்குள் சுத்தியல் அடிக்கிற மாதிரி இருந்தது, நெற்றியெல்லாம் வேர்த்தது. போதும் என்று கத்துகிறேன், டில்லர் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? உங்கப்பா பெருமையாகத் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். அலமேலுதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேலியைத் தாண்டி ஓடிவந்து, "அண்ணே, நிறுத்துண்ணே" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

மறுநாள் சுகந்தி என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். தோல் இரண்டு கையிலும் உரிந்திருந்தது. எனக்கு அங்கே உணர்ச்சி கம்மி, அதனால் வலிக்கவே இல்லை. "இது இன்னாங்க டீச்சர்?" என்றாள். சும்மா தேய்ந்துவிட்டது என்றேன். "எதுல தேய்ஞ்சுது?" நான் கூரையைப் பார்த்தேன். உங்கப்பாவுக்குப் பொய் வராது. "டில்லர்லங்க" என்றார். "எந்த டில்லர்?" "நம்ம டில்லர்தாங்க. கியர் போடல." சுகந்தி நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். வேர்த்ததையும் தலை வலித்ததையும் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள்.

அப்புறம் வந்தது திட்டு. "ஏங்க அண்ணா, கொழந்தைக்கு ஒரு ஸ்பூன் மருந்துன்னு எழுதிக் கொடுத்தா பாட்டிலோட கவுத்துவீங்களா? நான் வைக்கிறது ஒரே ஒரு தசை மேல, அளவா, கொஞ்ச நேரம். உங்க டில்லர் மூட்டு, எலும்பு, கழுத்துன்னு எல்லாத்தையும் சேர்த்து உலுக்கும். அவங்க கழுத்துல ஸ்க்ரூ போட்டு வச்சிருக்காங்க. நேத்து வேர்த்ததும் தலை வலிச்சதும் பிரஷர் ஏறினதுக்கு அடையாளம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டுப் போகணும்" என்றாள். உங்கப்பா விளக்கெண்ணெய் குடித்தவர் மாதிரி நின்றார். அவள் அதோடு விடவில்லை. அவர் கையைப் பிடித்து விரல்களை அழுத்திப் பார்த்து, "காலைல எழுந்தா விரல் மரத்துப்போவுதா?" என்று கேட்டாள். "போவுதுங்க" என்றார். எனக்கே அது தெரியாது. பலம் என்று அவர் காட்டிய கையில் பாதி நாள் உணர்ச்சியே இல்லையாம். இப்போது கையுறை போட்டுத்தான் டில்லர் பிடிக்கிறார், நடுநடுவே நிறுத்தி ஓய்வெடுக்கிறார். நோயாளி ஒருத்தி போய் இரண்டு பேராக ஆனோம்.

தோல் ஆறும் வரை மெஷினைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்த நாட்கள்தான் எனக்குப் பெரிய பாடு. நீ தினமும் போன் பண்ணி, "அம்மா எப்படி இருக்க?" என்பாய். நல்லா இருக்கேன் என்பேன். உள்ளுக்குள் நாள் போகிறதே என்று அடித்துக்கொள்ளும். நீ கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் எனக்குத் தெரியும், நீ உங்கப்பாவிடம் சொன்னதை நான் கேட்டிருந்தேன். அதற்குள் என்னால் மாறி உட்கார முடிந்தால் நீ போவாய், முடியாவிட்டால் போக மாட்டாய். எனக்கு அவ்வளவுதான் கணக்கு. அது போதாதென்று நடுவில் பௌர்ணமி வேறு. கிரிவலக் கூட்டம் வந்துவிட்டால் நம் தெருவிலிருந்து ஆட்டோ நகராது என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு ஜன்னல் வழியாக அத்தனை ஜனமும் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு, போர்வைக்குள் முழங்கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடியும் போனபோது சுகந்தி அடுத்த படிக்கு ஏற்றினாள். அதிருகிற டம்பெல் ஒன்றைக் கையோடு பட்டை போட்டுக் கட்டினாள். கனம் ஒன்றும் இல்லை, ஆனால் உள்ளே மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கும். அதைப் பிடித்தபடி முழங்கையை நீட்டி மடக்க வேண்டும். முதலில் மேசைமேல் வழுக்கினேன். அப்புறம் மேசையை விட்டுத் தூக்கினேன். ஒரு நாள் படுத்திருந்தபடி கையைக் கூரையைப் பார்த்து நீட்டினேன். வழக்கமாக மூஞ்சியில் வந்து விழ வேண்டிய கை அங்கேயே நின்றது. நடுங்கிக்கொண்டு நின்றது, ஆனால் நின்றது. "மெஷினை எப்பவோ ஆஃப் பண்ணிட்டேன் டீச்சர்" என்றாள் சுகந்தி. நான் வாய்விட்டு அழுதேன். அடுத்த கட்டிலில் படுத்திருந்த பெரியவர் எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று மணியை அடித்துவிட்டார்.

அடுத்தது வீட்டில். கட்டிலும் சேரும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்றாள். உங்கப்பா ரம்பத்தை எடுத்துக் கட்டில் காலை அறுத்தார். ஜாஸ்தியாக அறுத்துவிட்டார். இப்போது கட்டில் செங்கல்மேல் நிற்கிறது, வந்ததும் சத்தம் போடாதே. இரண்டுக்கும் நடுவில் பாலம் மாதிரி வழவழப்பான ஒரு பலகை போட்டு, கையை ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கி நகர வேண்டும். புதன்கிழமை சுகந்தி வீட்டுக்கே வந்தாள். நான் ஊன்றினேன். பின்பக்கம் துளி எழும்பியது, நகர்ந்தேன். மறுபடி ஊன்றினேன், நகர்ந்தேன். பலகையின் நடுவில் மாட்டிக்கொண்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. இடது கை உதற ஆரம்பித்துவிட்டது. உங்கப்பா பாய்ந்து வந்தார். "அண்ணா, நீங்க தொட்டீங்கன்னா நாளையிலிருந்து ஆரம்பத்துலேருந்து பண்ணணும். தள்ளி நில்லுங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்றாள் சுகந்தி. அப்போதுதான் அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவருக்கு என்னைவிட ஜாஸ்தி வேர்த்தது. "டீச்சர், நீ பிள்ளைங்களை இப்படி நடுவுல நிக்க வுடுவியா?" என்று அவர் கேட்டார். எனக்கு வந்தது பார் ஒரு கோபம். என் வாழ்க்கையில் நான் எந்தப் பிள்ளையையும் பாதி மைதானத்தில் நிற்க விட்டதில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தள்ளினேன். சேரின் மெத்தை பின்பக்கத்தில் இடித்தது. உட்கார்ந்துவிட்டேன். உங்கப்பா குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார், கண் மட்டும் சிவப்பாகவே இருந்தது.

உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். குளிக்க வைக்க ஆள் வேண்டும், அதற்கு அலமேலு வருகிறாள். பலகையைப் போடவும் எடுக்கவும் உங்கப்பா வேண்டும், அதற்கு இடுப்பு தேவையில்லை. நேற்று முன்தினம் காலையில் என்னால் முடியவில்லை, கை சோர்ந்து கட்டிலிலேயே மத்தியானம் வரை கிடந்தேன், அப்புறம் மாறினேன். கால் வராது, அது எனக்குத் தெரியும், அதற்காக யாரும் மெஷின் தேடி அலைய வேண்டாம். நான் சொல்வது ஒன்றுதான். என்னைத் தூக்க ஆள் வேண்டாம்.

இப்போது உன்னிடம் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டும். நீ என்னைத் தூக்கும்போது ஒவ்வொரு தடவையும் 'சாரிம்மா' என்று முணுமுணுப்பாய். சேலை இழுத்துவிட்டதற்காகச் சொல்கிறாய் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். பிறகு புரிந்தது. வண்டி ஓட்டினது நீ என்கிற நினைப்பு உன்னை விடவில்லை. அன்பினால் தூக்குகிற பிள்ளை வேறு, அபராதம் கட்டுகிற மாதிரி தூக்குகிற பிள்ளை வேறு. இரண்டும் உன் கையில் கலந்திருந்தது. பள்ளியில் யாராவது பிள்ளைக்கு அடிபட்டால் யார் மேல் தப்பு என்று நான்தான் விசாரிப்பேன், அதனால் இதையும் விசாரித்துவிட்டேன். தப்பு அந்த நாய் மேல். அது இன்னும் அதே ரோட்டில்தான் படுத்திருக்கிறது, ஆட்டோவில் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். அது ஒரு நாளும் சாரி சொன்னதில்லை, நன்றாகக் கொழுத்திருக்கிறது. நீயும் இதோடு விட்டுவிடு. நான் உன்மேல் ஒரு நிமிஷம்கூடக் கோபப்பட்டதில்லை, படுக்கையில் கண்ணைத் திறந்த முதல் நிமிஷத்தில்கூட. நான் கேட்ட முதல் கேள்வி உனக்கு அடிபட்டதா என்பதுதான். உங்கப்பாவைக் கேட்டுப்பார்.

தனியாக அவ்வளவு தூரத்தில் எப்படி இருப்பாயோ என்று உங்கப்பாவுக்குக் கவலை. எனக்கு இல்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தீபத்தன்று கூட்டத்தில் என் கையை விட்டுப் போய்விட்டாய். நான் பைத்தியம் பிடித்தவள் மாதிரி தெருத் தெருவாகக் கத்திக்கொண்டு ஓடினேன். கடைசியில் போலீஸ்காரர்கள் போட்டிருந்த பந்தலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தாய். என்னைப் பார்த்து, "எங்கம்மா போயிட்ட?" என்று நீ கேட்டாய். தொலைந்தது நான் என்று முடிவு பண்ணியிருந்தாய். அந்தப் பிள்ளை குஜராத்தில் பிழைத்துக்கொள்வான். அங்கே போய் வேளைக்குச் சாப்பிடு. உயரத்தில் இருக்கும்போது போனை எடுக்காதே, நான் கூப்பிட்டாலும் எடுக்காதே. பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியை மாட்டிவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார், சோம்பேறித்தனம் வேண்டாம். கை வலித்தால் மறைக்காதே, பலம் என்று நினைத்துக்கொண்டு விரல் மரத்துப்போனவரைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் வருகிறேன் என்று சொல். அப்புறம் ஊருக்கு வா, துணிமணி எடுத்துக்கொண்டு கிளம்பலாம். வந்ததும் நீ பழக்கத்தில் குனிவாய் என்று தெரியும், குனி. ஏனென்றால் இன்னொன்றையும் உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு மடங்குகிற கை மட்டும் இருந்த காலத்தில் அதை வைத்துச் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான், உன் கழுத்தை வளைத்து என் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்வது. அது எனக்குப் பிடித்திருந்தது. வளர்ந்த மகனைத் தினமும் காலையில் கட்டிக்கொள்கிற கொடுப்பினை எந்த அம்மாவுக்குக் கிடைக்கும்? நீ போக மாட்டேன் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் என் மனசின் ஒரு மூலை சந்தோஷப்பட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். உன்னை விலக்கி நிறுத்த வேண்டும் என்று நான் நினைத்திருந்தாலும் அதற்கான தசை என்னிடம் இல்லை. இப்போது இருக்கிறது. நீ வந்து குனிந்ததும் ஒரு தடவை ஆசை தீரக் கட்டிப்பிடித்துக்கொள்வேன். அப்புறம் உள்ளங்கையை உன் நெஞ்சில் வைத்துத் தள்ளுவேன். காலை நன்றாக ஊன்றி நில், பலமாகத்தான் தள்ளுவேன்.

அம்மா